கயிற்றைப் பிடிக்க ஒருவர்

பாறை ஏறப் பழகும் க்ளைம்பிங் சுவருக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பேன்: "உங்களை யார் கூட்டிட்டு வந்தாங்க?" அண்ணன், கணவர், கல்லூரித் தோழி, கூட வேலை பார்ப்பவர் என்று யாராவது ஒருவரைக் கை காட்டுவார்கள். தன்னந்தனியாக வந்து நிற்பவர்கள் அபூர்வம். அப்படி வந்தவர்கள் இரண்டாம் முறை வருவது அதைவிட அபூர்வம்.

வார இறுதிகளில் தொடக்கநிலை வகுப்பு எடுப்பதும், மற்ற நாட்களில் நேரம் கிடைத்தால் சுவரில் பிடிகளைப் பொருத்திப் புதுப் பாதைகள் அமைக்க ஒத்தாசை செய்வதும் பல வருடங்களாக என் வழக்கம். அதனாலோ என்னவோ, யார் ஏறுகிறார்கள் என்பதைவிட யார் வராமலே போகிறார்கள் என்பதைத்தான் அதிகம் யோசிக்கிறேன். தெம்பும் துணிச்சலும் இருப்பவர்கள் ஏறுவார்கள், இல்லாதவர்கள் ஏற மாட்டார்கள் என்று வெளியே ஓர் எண்ணம் இருக்கிறது. நான் பார்த்தவரை அது சரியில்லை. துணிச்சல்காரர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் யார் இடுப்பில் ஹார்னெஸ் என்ற பாதுகாப்புப் பட்டையை மாட்டும் இடம்வரை வந்து சேர்கிறார் என்பது வேறு கணக்கு. யார் அழைத்தார்கள், வீட்டில் என்ன சொன்னார்கள், கையில் எவ்வளவு நேரமும் காசும் இருந்தது, வந்த இடத்தில் தன்னைப் போல ஒரு முகமாவது கண்ணில் பட்டதா என்பதையெல்லாம் பொறுத்தது அது.

கயிறு கட்டி ஏறுவதில் இன்னொருவரின் துணை என்பது பேச்சுக்குச் சொல்லும் விஷயம் இல்லை. ஏறுகிறவரின் ஹார்னெஸில் எட்டு வடிவ முடிச்சு. அங்கிருந்து கயிறு சுவரின் உச்சிக்குப் போய், திரும்பிக் கீழே நிற்பவரின் பிலே கருவிக்குள், அதாவது கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கருவிக்குள் வருகிறது. மேலே இருப்பவர் ஒவ்வொரு பிடியாக நகர நகர, கீழே இருப்பவர் தளர்ந்த கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கருவியிலிருந்து வரும் கயிற்றைப் பிடித்திருக்கும் பிரேக் கையை ஒரு நொடியும் விடக் கூடாது. மேலே கை நழுவினால் கீழே நிற்பவரின் பிடிதான் காப்பாற்றும். ஆக, ஒருவர் ஏற வேண்டுமென்றால் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் ஓய்வு இருக்க வேண்டும். அவர்களில் ஒருவருக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும். இருவருக்கும் நடுவில் நம்பிக்கை வேண்டும். இந்த மூன்றும் யாருக்கு எளிதாக அமைகிறது, யாருக்கு அமைவதே இல்லை என்று பார்த்தால், இந்த விளையாட்டில் யார் நிறைந்திருக்கிறார்கள் என்பதற்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

தானியங்கி பிலே கருவிகள் வந்த பிறகும், தாழ்ந்த சுவரில் ஏறுவதால் கயிறே தேவையில்லாத போல்டரிங் பரவிய பிறகும் இது கொஞ்சம் மாறியிருக்கிறது. மறுக்கவில்லை. மெத்தை இருக்கிறது, ஷூ இருக்கிறது, தனியாகவே வரலாம். ஆனால் போல்டரிங் சுவரின் அடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தை ஒரு புது ஆள் கடந்து போக வேண்டியிருக்கிறதே, அதைக் கவனித்திருக்கிறேன். அத்தனை பேரும் பார்க்க முதல் பிடியைத் தொட்டு, தவறி விழுந்து, எழுந்து நிற்பது சிலருக்கு நாலு மாடி உயரத்தைவிடப் பெரிய பயம்.

என்னை அழைத்து வந்தவர், வேலை இடத்தில் பழக்கமான ஓர் அக்கா. என்னைவிட மூத்தவர், பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ளவர். "வந்து ஏறிப் பாரு, ரொம்ப நல்லா இருக்கும்" என்று அவர் சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். "எனக்குக் கயிறு பிடிக்க ஆள் இல்ல, நீ வந்து பிடிக்கிறியா?" என்றுதான் கேட்டார். உதவி என்று கேட்டால் யார் மறுப்பார்கள்? ஏறக் கற்பதற்கு முன்னால் பிடிக்கத்தான் கற்றுக்கொண்டேன். அவரைப் பத்திரமாக இறக்கிவிட்ட பிறகுதான், சரி, நாமும் தொட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது.

வீட்டில் கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. "யார் கூடப் போற? எத்தனை மணிக்கு வருவ? கீழ விழுந்து எங்கயாவது அடிபட்டா அப்புறம் என்ன பண்ணுவ?" அதே வீட்டில் தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் காணாமல் போவான். அவனிடம் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பார்கள். அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அடிபட்ட பெண்ணைப் பார்த்து "யார் இவளை அனுப்பினது?" என்று கேட்கும் மனிதர்கள் நடுவில் அவர் வாழ்ந்தார். அடிபட்ட பையனைப் பற்றி அப்படி ஒருவரும் கேட்டதில்லை. பயம் இருவருக்கும் ஒன்றுதான். பழி மட்டும் பெண்ணின் பக்கம் வந்து சேர்கிறது. வகுப்புக்கு வரும் பெண்கள் பலர் உயரத்துக்குப் பயப்படுவதில்லை, முழங்கை சிராய்ப்போடு வீட்டுக்குப் போகப் பயப்படுகிறார்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஏறும் பெண்ணைப் பார்த்தால் இப்போதெல்லாம் நான் காரணம் கேட்பதில்லை.

இதெல்லாம் இந்தக் காலத்துப் பிரச்சினை என்று நினைத்தால் பழைய கதைகளைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். உலகின் முதல் மலையேற்றச் சங்கமான ஆல்பைன் கிளப் 1857-ல் லண்டனில் தொடங்கியது. அதில் பெண்களுக்கு இடம் கிடைத்தது 1970-களின் நடுவில்தான். நூறு வருடத்துக்கும் மேல். அந்த நூறு வருடமும் பெண்கள் சும்மா இருந்தார்களா என்றால் இல்லை. ஆல்ப்ஸ் மலையில் உள்ள மான்ட் பிளாங்கின் உச்சிக்கு 1808-லேயே மரி பாரடி என்ற சாதாரண வேலைக்காரப் பெண் போய்வந்துவிட்டார். 1871-ல் லூசி வாக்கர் நீளப் பாவாடையோடு அதே ஆல்ப்ஸின் மாட்டர்ஹார்ன் ஏறினார், அந்தச் சிகரத்தைத் தொட்ட முதல் பெண். லூசியின் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது அவருடைய குடும்பம். அப்பாவும் மலையேறுபவர், தம்பியும் மலையேறுபவர். மெல்கியோர் ஆண்டரெக் என்ற புகழ்பெற்ற வழிகாட்டி அவர்கள் வீட்டுக்குப் பழக்கமானவர். லூசியின் திறமையில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் அதே திறமையோடு, மலை பக்கமே போகாத ஓர் அப்பாவுக்குப் பிறந்த பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

1907-ல் பெண்கள் தங்களுக்கென்று லேடீஸ் ஆல்பைன் கிளப்பைத் தொடங்கினார்கள். அதன் முதல் தலைவர் எலிசபெத் லெ பிளாண்ட், கிராமத்து ஆட்களின் கண்ணில் படும் தூரம்வரை பாவாடையோடு நடந்து, அவர்கள் பார்வை மறைந்ததும் அதைக் கழற்றிவிட்டு உள்ளே போட்டிருந்த கால்சட்டையோடு ஏறுவாராம். நம் வகுப்புக்கு வரும் சில பெண்கள் கழிப்பறையில் உடை மாற்றிக்கொண்டு வருவதையும், திரும்பும்போது பழையபடி மாற்றிக்கொண்டு போவதையும் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு எனக்கு வரும்.

அப்புறம் அமெரிக்க மலையேறி மிரியம் ஓப்ரையன். வழிகாட்டியோ ஆண் துணையோ இருக்கும்வரை, முன்னால் ஏறி முடிவெடுக்கும் பொறுப்பு தன் கைக்கு வராது என்று உணர்ந்தவர். முன்னால் ஏறுபவர்தானே பாதையைத் தேடுகிறார், விழுந்தால் அதிகம் விழுகிறார்? 1929-ல் அலிஸ் தமேம் என்ற தோழியோடு, வேறு யாரும் இல்லாமல், பிரான்சின் ஷாமனி அருகே உள்ள கிரெபோன் என்ற கடினமான பாறைச் சிகரத்தை ஏறினார். 1932-ல் இருவரும் மாட்டர்ஹார்னையும் முடித்தார்கள். கிரெபோன் ஏற்றத்துக்குப் பிறகு அங்கிருந்த ஒரு மலையேறி, இரண்டு பெண்கள் தனியாக ஏறிவிட்டதால் தன்மானமுள்ள எந்த ஆணும் இனி அந்தச் சிகரத்தைத் தொட முடியாது என்று அங்கலாய்த்தாராம். சிகரம் அங்கேயேதான் இருந்தது, பாறை துளி எளிதாகவில்லை. யார் ஏறினார்கள் என்பதை வைத்து ஒரு மலையின் மதிப்பையே குறைத்துப் பேசும் பழக்கம் அது. இன்றைக்கும் ஒரு பெண் கடினமான பாதையை முடித்தவுடன், அந்தப் பாதைக்குக் கொடுத்த கிரேடு, அதாவது கடின அளவு, அதிகமோ என்று பேச்சு கிளம்பும். என் காதால் கேட்டிருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஜுன்கோ தபேய். 1969-ல் ஜப்பானில் பெண்களுக்கான மலையேற்றச் சங்கத்தைத் தொடங்கினார். எவரெஸ்ட் பயணத்துக்குப் பணம் திரட்டப் போனபோது பிள்ளையை வளர்க்கிற வேலையைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்போது அவருக்குச் சின்னப் பெண் குழந்தை. பியானோ சொல்லிக்கொடுத்துக் காசு சேர்த்தார். பழைய கார் உறைத் துணியை வெட்டிக் கையுறையும் பையும் தைத்துக்கொண்டார்கள். 1975 மே மாதத் தொடக்கத்தில் பனிச்சரிவு அவர்கள் முகாமைப் புதைத்தது. அவரை ஷெர்பா ஒருவர் வெளியே இழுத்தார். அதே மாதம் 16 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றார். அந்த இடத்தில் நின்ற முதல் பெண். மன உறுதிக்கு உதாரணமாகத்தான் இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது அந்தச் சங்கம். அவர் தனக்குக் கயிறு பிடிக்க ஆள் தேடி அலையவில்லை, ஆட்களை உருவாக்கினார்.

காசு பற்றியும் நேரம் பற்றியும் சொல்லாமல் பெண்களைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனால் அது நேர்மையாக இருக்காது. ஆல்பைன் கிளப் தொடங்கிய காலத்தில் மலை ஏறியவர்களில் பெரும்பாலானோர் வக்கீல்கள், பாதிரியார்கள், பேராசிரியர்கள். கோடை முழுவதும் விடுமுறை எடுக்க முடிந்தவர்கள். இங்கிலாந்தில் அந்த வட்டத்தை உடைத்தவர்கள் மான்செஸ்டர் பக்கத்து உழைக்கும் வர்க்கத்துப் பையன்கள். ஜோ பிரவுனும் டான் வில்லன்ஸும் குழாய் பொருத்தும் தொழிலாளிகள். 1951-ல் உருவான ராக் அண்ட் ஐஸ் கிளப்பில் சேர்ந்து, அதுவரை முடியாது என்று விட்டுவைத்திருந்த பாறைகளில் பாதை கண்டார்கள். அவர்களுக்கு அது எப்படிச் சாத்தியமானது? நகரத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் பாறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் போதும். அந்த வட்டாரத்து மேய்ச்சல் மேடுகளில் பொதுமக்கள் நடக்கவே கூடாது என்று நிலக்காரர்கள் மறித்துவைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 1932-ல் கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டில் தொழிலாளர்கள் கூட்டமாக அத்துமீறி நடந்தார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். பாறைக்குப் போகும் வழி திறந்திருக்கிறதா, அங்கே போக ஒரு பஸ் இருக்கிறதா என்பதெல்லாம் விளையாட்டுக்கு வெளியே உள்ள விஷயங்கள் மாதிரித் தெரியும். இல்லை, முதல் பிடியே அதுதான்.

ஜெர்மன், ஆஸ்திரிய ஆல்பைன் சங்கத்தில் இன்னும் கசப்பான கதை நடந்தது. யூதர்கள் அதிகம் இருந்த டோனாலாண்ட் என்ற பிரிவை 1924-ல் சங்கத்திலிருந்து வெளியேற்றினார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு ஒன்பது வருடம் முன்பே, மலை மேல் உள்ள தங்குமிடங்களில் யார் வரலாம், யார் வரக் கூடாது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மலைக்கு மேலே போனால் மனித பேதம் எல்லாம் மறைந்துவிடும் என்று சிலர் அழகாகச் சொல்வார்கள். மறைவதில்லை. மூட்டையோடு மேலே ஏறி வருகிறது.

மூட்டை என்றதும், இமயமலையில் மற்றவர்களுக்காகச் சுமை தூக்கி வழிகாட்டும் நேபாள ஷெர்பாக்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரே மலை ஒருவருக்கு ஆசை, இன்னொருவருக்குச் சம்பளம். 1953-ல் ஹிலாரியோடு உச்சியில் நின்ற டென்சிங் நோர்கே, சுமைதூக்கியாகத்தான் எவரெஸ்டுக்கு முதலில் போனவர். 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டின் கும்பு பனியருவியில் சரிவு விழுந்து 16 பேர் இறந்தார்கள். எல்லோரும் நேபாளிகள், மற்றவர்கள் ஏறுவதற்காக வேலை செய்துகொண்டிருந்தவர்கள். "அவங்க ரத்தத்துலயே ஏறுறது இருக்கு" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். உயரத்துக்குப் பழகிய உடல் என்பது உண்மைதான். ஆனால் அந்த உடலை யாருடைய மூட்டைக்காக அபாயத்தில் வைக்கிறார்கள் என்பது உடற்கூறு சம்பந்தப்பட்டதில்லை. அதனால்தான் 2021 ஜனவரி 16 எனக்கு முக்கியமான நாள். குளிர்காலத்தில் யாருமே ஏறியிராத கே2 உச்சிக்கு, பத்து நேபாளிகள் கடைசிச் சில அடிகளை ஒன்றாகச் சேர்ந்து நடந்து போனார்கள். தங்கள் பெயரில், தங்கள் கொடியோடு.

பொலிவியாவிலும் இதே போன்ற ஒரு திருப்பம் நடந்தது. அங்கே அய்மாரா இனப் பெண்கள் மலையடிவார முகாம்களில் சமைப்பார்கள், சாமான் சுமப்பார்கள். பலரின் கணவர்கள் வழிகாட்டிகள். மேலே போய்விட்டு வருகிறவர்களிடம் அங்கே எப்படி இருக்கும் என்று கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் தாங்களே காலணியில் மாட்டும் பனிமுள்ளான கிராம்பானைக் கட்டிக்கொண்டு 6,000 மீட்டருக்கு மேல் உயரமான ஹுவாய்னா பொடோசிக்குக் கிளம்பிவிட்டார்கள். 2019 ஜனவரியில் அவர்களில் சிலர் அமெரிக்கக் கண்டங்களிலேயே உயரமான அகோன்காகுவாவை எட்டினார்கள். தங்கள் அகலமான வண்ணப் பாவாடையோடுதான் ஏறுகிறார்கள். அந்த உடைக்காக நகரத்தில் அவமதிக்கப்பட்ட பெண்கள், அதே உடையில் பனியில் நிற்கிறார்கள். எலிசபெத் லெ பிளாண்ட் கழற்றிவைத்ததை இவர்கள் கழற்ற மறுத்தார்கள். இரண்டு பக்கமும் எனக்கு நியாயமாகவே படுகிறது. எந்த உடையில் ஏறுவது என்பதை ஏறுகிறவரே முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

சுவருக்கே திரும்பி வருகிறேன். பாதை அமைப்பதில் உள்ள ஒரு விஷயத்தை வெளியே இருப்பவர்கள் யோசிப்பதே இல்லை. சுவரில் இருக்கும் ஒவ்வொரு பிடியும் யாரோ ஒருவர் ஏணியில் நின்று, ட்ரில்லால் முடுக்கி வைத்தது. அவர் தன் கை நீளத்தை வைத்துத்தான் தூரத்தை அளக்கிறார். இப்படிப் பாதை அமைக்கும் ரூட் செட்டர்கள் எல்லோரும் உயரமான ஆண்களாக இருந்தால், அவர்கள் எளிது என்று நினைத்து வைத்த பாதை குட்டையான ஒருவருக்குத் தாவி ஏறும் பாதையாகிவிடும். புதிதாக வந்த பெண்ணோ சிறுவனோ, சுவரில் பிழை இருக்கும் என்று நினைப்பதில்லை. நமக்கு இது வராது என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இதனால்தான் தொடக்கநிலைப் பாதைகளை, எங்களில் மிகக் குட்டையான ஆள் ஏறிச் சரி சொன்ன பிறகே திறக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பேன்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் உலகமே இதைப் பார்த்தது. ஜப்பானின் ஐ மோரி, 154 சென்டிமீட்டர் உயரம். போல்டர் இறுதியின் ஒரு பாதையில் தொடக்கப் பிடியே அவருக்கு எட்டவில்லை. மறுபடி மறுபடி குதித்தார். அந்தப் பாதையில் கிடைத்தது பூஜ்யம். பிறகு கயிறு கட்டி உயரமான சுவரில் ஏறும் லீட் சுற்றில் எல்லோரையும்விட அதிகப் புள்ளி எடுத்தார், ஆனாலும் மொத்தத்தில் நான்காம் இடம்தான். குதிப்பதும் ஒரு திறமைதான், எல்லா உயரத்துக்கும் சமமாகப் பாதை வைக்க முடியாது என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். அந்த வாதத்தில் பொருள் இருக்கிறது. இயற்கைப் பாறை யார் கையையும் அளந்து உருவாகவில்லை. அமெரிக்கப் பெண் லின் ஹில் 1993-ல் கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் இருக்கும் எல் கேபிடன் பாறையில் உள்ள நோஸ் பாதையை உபகரணத்தில் தொங்காமல், கை கால் பலத்தால் மட்டும் முடித்தபோது, அதற்கு முன் எந்த ஆணும் பெண்ணும் அதைச் செய்திருக்கவில்லை. அடுத்த வருடம் அதையே ஒரே நாளுக்குள் முடித்தார். அவரும் உயரமானவர் இல்லை. அங்கே மெல்லிய விரிசலுக்குள் நுழையும் சிறிய விரல்கள் கைகொடுத்தன. ஆனால் தொடக்கநிலைப் பாதை ஒலிம்பிக் இறுதியும் இல்லை, இயற்கைப் பாறையும் இல்லை. அதை மனிதர்கள் வைக்கிறார்கள், மனிதர்களால் நகர்த்தி வைக்க முடியும்.

கேட்காமலே யோசனை சொல்வதும் ஆட்களை விரட்டும். ஒரு பெண் பாதி உயரத்தில் நின்று, அடுத்த கால் எங்கே என்று யோசித்துக்கொண்டிருப்பார். கீழே இருந்து முன்பின் தெரியாத ஒருவர் "இடது காலை மேல வைங்க, மேல!" என்று கத்துவார். நல்லெண்ணம்தான். ஆனால் க்ளைம்பிங்கின் சுகமே அந்தப் புதிரைத் தானே அவிழ்ப்பதில் இருக்கிறது. அதைப் பறித்துக்கொண்டால் மிச்சம் இருப்பது கைவலி மட்டும். கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் சும்மா இருங்கள் என்று என் வகுப்பில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாதைகளின் பெயர்கள் இன்னொரு சங்கடம். முதலில் ஏறியவருக்குத்தான் பெயர் வைக்கும் உரிமை என்பது பாறை ஏறுதலில் பழைய மரபு. முதலில் ஏறும் வாய்ப்பு பல காலம் ஒரே மாதிரி ஆட்களுக்கே கிடைத்ததால், பெண்களையும் கறுப்பினத்தவரையும் கேவலப்படுத்தும் பெயர்கள் பல வழிகாட்டிப் புத்தகங்களில் அப்படியே அச்சாகி வந்தன. 2020-ல் அமெரிக்காவில் அதற்குப் பெரிய எதிர்ப்பு எழுந்து, பல பெயர்கள் மாறின. வெறும் பெயர்தானே என்றார்கள் சிலர். பாறையின் அடியில் நின்று புத்தகத்தைப் புரட்டும் ஒருவர், தன்னைப் பற்றிய வசைச் சொல்லை வாசித்துவிட்டு அதன் மேல் ஏற வேண்டுமா? அதே நாட்டிலிருந்துதான் 2022-ல் முழுக்கக் கறுப்பின மலையேறிகளைக் கொண்ட ஃபுல் சர்க்கிள் குழு எவரெஸ்டை எட்டியது. அதுவரை அப்படி ஒரு குழு அங்கே போனதே இல்லை.

சரி, எல்லோரையும் எல்லா மலையிலும் ஏற்றிவிட வேண்டும் என்பதா என் ஆசை? அதுவும் இல்லை. ஏறாமல் இருப்பதும் ஒரு பண்பாட்டின் முடிவாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் உளுரு, அங்குள்ள அனங்கு மக்களுக்குப் புனிதமானது. ஏறாதீர்கள் என்று அவர்கள் பல வருடம் கேட்டுக்கொண்டும் ஏறினார்கள். 2019 அக்டோபரில் ஏறும் வழியை ஒரேயடியாக மூடினார்கள். அமெரிக்காவின் டெவில்ஸ் டவர் பல பூர்வகுடிகளின் வழிபாட்டு இடம். ஜூன் மாதம் அங்கே சடங்குகள் நடப்பதால் அந்த மாதம் ஏறாமல் இருக்கும்படி 1990-களிலிருந்து வேண்டுகோள் இருக்கிறது. சட்டம் இல்லை, வேண்டுகோள்தான். மதித்து ஒதுங்குபவர்கள் பலர், பொருட்படுத்தாமல் ஏறுபவர்களும் உண்டு. ஒதுங்குபவர்களைத்தான் நான் நல்ல க்ளைம்பர் என்பேன். மான்செஸ்டர் குழாய்த் தொழிலாளி ஜோ பிரவுனைச் சொன்னேன் அல்லவா? 1955 மே 25 அன்று, உலகின் மூன்றாவது உயரமான காஞ்சன்ஜங்காவை முதலில் எட்டிய இருவரில் அவர் ஒருவர். அவரும் ஜார்ஜ் பேண்டும் உச்சிக்குச் சில அடி கீழே நின்றுவிட்டார்கள். அந்த உச்சியை மிதிக்க மாட்டோம் என்று சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்கு அது. அவ்வளவு தூரம் போய், எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நின்று திரும்பியிருக்கிறார்கள்.

கடைசியாக, சமீபத்தில் வகுப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு பெண் தன் மகளைக் கூட்டிவருவார். மகள் ஏறும்வரை பையையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நான் போய், "நீங்களும் ஒருதடவை முயற்சி பண்றீங்களா?" என்று கேட்டேன். "ஐயோ, எனக்கெதுக்கும்மா இந்த வயசுல" என்று சிரித்தார். அந்தப் பதிலைக் கேட்டு ஒதுங்கிவிடுவது எனக்கு வழக்கமில்லை. என்னிடம் அந்த அக்கா கேட்டதையே அவரிடம் கேட்டேன்: "ஏற வேண்டாம். உங்க பொண்ணுக்குக் கயிறு பிடிக்க ஆள் குறையுது, பிடிக்கிறீங்களா?"

பையைக் கீழே வைத்தார். பிரேக் கையை விடாமல் கயிறு இழுக்கும் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். முடிச்சைச் சரிபார்ப்பதில் எங்கள் மாணவர்களைவிடக் கறாராக இருந்தார். மகள் முடிச்சைச் சும்மா காட்டிவிட்டு ஏறப் போனால், "நில்லு, மறுபடி காட்டு" என்று நிறுத்திவிடுவார். பிலே தேர்வையும் முடித்துவிட்டார். இன்றுவரை அவர் சுவரில் ஏறவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. என் கணக்கில் அவர் இந்த விளையாட்டுக்குள் வந்தாகிவிட்டது.

அவர்தான் ஒருநாள் எங்கள் பெண்கள் வகுப்பு அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சாயங்காலம் ஏழு மணிக்கு வெச்சா வீட்ல பிள்ளைங்க இருக்கிறவங்க எப்படி வருவாங்க? அந்த நேரத்துலதானே வீட்ல எல்லா வேலையும் இருக்கு?" வேலைக்குப் போகிறவர்களை மனதில் வைத்து நாங்கள் தேர்ந்தெடுத்த நேரம் அது. அவர்களுக்கு அது வசதிதான், அதனால் அந்த வகுப்பும் இருக்கட்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, புதன்கிழமை காலை பத்து மணிக்கு இன்னொரு வகுப்பு அடுத்த மாதத்திலிருந்து தொடங்குகிறோம். ஷூவும் ஹார்னெஸும் இரவல் கிடைக்கும். ஏற விருப்பமில்லாதவர்கள் பிலே மட்டும் கற்றுக்கொள்ளலாம். அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேரைக் கூட்டிவருவதாக அவர் சொல்லியிருக்கிறார். சொல்லிக்கொடுக்க எனக்கு இன்னும் ஓர் ஆள் தேவை. பிலே நன்றாகத் தெரிந்தவர், புதன் காலை ஓய்வாக இருப்பவர், முடிந்தால் கொஞ்சம் உயரம் குறைந்தவர் யாராவது இருந்தால் வந்து சேருங்கள்.